பாதுகாப்பு நிலையை உயர்த்திய மறுநாள் காலை: ஏஎஸ்/400-க்கு அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

தம்புச் செட்டித் தெருவின் கிளியரிங் அலுவலகங்களிலும், ராயபுரத்துக் கிடங்குகளிலும், மணலி, எண்ணூர் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களிலும் ஏதோ ஒரு மூலையில் கறுப்புப் பெட்டியாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை இன்றும் ஏஎஸ்/400 என்றே அழைக்கிறார்கள். 1988-இல் அந்தப் பெயரோடு வந்தது. ஐபிஎம் பலமுறை பெயர் மாற்றி, 2008 முதல் அதன் இயங்குதளத்தை ஐபிஎம் ஐ என்கிறது. இயந்திரம் புதிதாக இருக்கும். அதில் ஓடும் பில்லிங், கேட் பாஸ், கிடங்கு வாடகை நிரல்கள் அப்பா காலத்தவை. அந்த நிரல்களோடு சேர்ந்து பழைய பாதுகாப்பு அமைப்பும் இயந்திரம் விட்டு இயந்திரம் மாறி வந்துவிடுகிறது.

அந்த அமைப்பின் பெயர் கியூசெக்யூரிட்டி. அதற்கு 10, 20, 30, 40, 50 என்ற மதிப்புகள் உண்டு. 10 என்றால் கடவுச்சொல்லே தேவையில்லை, அது ஒழிந்துபோனது. 20-இல் கடவுச்சொல் கேட்கும். ஆனால் உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும், முதலாளி முதல் பயிற்சிக்கு வந்த பையன் வரை, கோப்பு, நிரல் முதலான எல்லாப் பொருள்கள் மீதும் முழு உரிமை தரும் ஆல்-ஆப்ஜெக்ட் அதிகாரம் இயல்பாகவே கிடைத்துவிடும். 30-இல் ஒவ்வொரு கோப்புக்கும் நிரலுக்கும் தனித்தனி அனுமதி பார்க்கப்படும். 40-இல் அதற்கு மேல், நிரல்கள் இயங்குதளத்தின் உள்பகுதிகளைக் குறுக்கு வழியில் தொட முடியாது. 50 இன்னும் இறுக்கம். ஐபிஎம் புதிய இயந்திரத்தை அனுப்பும்போது 40-இல் வைத்துத்தான் அனுப்புகிறது. அதை 20-க்கோ 30-க்கோ இறக்கியது நம் ஊர்க் கைகள்தான்.

இனி 20-க்கு இறக்கவும் முடியாது. 7.5 பதிப்பில் 20 என்ற மதிப்பைப் புதிதாக வைக்க இயங்குதளமே மறுக்கிறது. 20-இல் இருந்தபடியே பதிப்பு உயர்த்தினால் இருக்க விடும். ஒருமுறை மேலே ஏறிவிட்டால் 20-க்குத் திரும்பி வரப் படி இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

கீழே உள்ளவை ஏறியபின் வரும் கோளாறுகள். கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் முழுப் பெயரில் எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்க வேண்டியது அவற்றின் சுருக்கத்தை. எஃப்4 அழுத்தினால் மற்ற விவரங்களை அதுவே கேட்டுக்கொள்ளும்.

ஏறுவதற்கு முன்

20-லிருந்து 40-க்கு ஒரே தாவாகத் தாவாதீர்கள். முதலில் 30, அதில் எல்லாம் ஒழுங்காக ஓடிய பின் 40. இரண்டு படிகளிலும் உடைபவை வேறு வேறு. சேர்த்து ஏறினால் எந்தக் கோளாறு எந்தப் படியைச் சேர்ந்தது என்று பிரித்தறியவே நேரம் போய்விடும்.

சேவ் செக்யூரிட்டி டேட்டா கட்டளையால் பயனர் கணக்குகளையும் தனி அனுமதிகளையும் எடுத்து வையுங்கள். முழு சிஸ்டம் சேமிப்பும் கையில் இருக்கட்டும். எல்லா அதிகாரமும் கொண்ட தலைமைக் கணக்கான கியூசெக்ஆஃபரின் கடவுச்சொல்லை ஒருமுறை அடித்து, உள்ளே போகிறதா என்று பாருங்கள். உறையில் எழுதி லாக்கரில் வைத்திருக்கிறோம் என்ற பதிலை நம்ப வேண்டாம். அந்த உறையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் டூல்ஸ் என்ற அடித்தளக் கருவிக்கு அதே பெயரில் வேறொரு கணக்கும் வேறொரு கடவுச்சொல்லும் உண்டு. பல இடங்களில் தெரியாமல் போயிருப்பது அதுதான்.

நாள் தேர்வு இங்கே ஒரு கலை. துறைமுகத்துக்கு ஞாயிறு கிடையாது. யார்டின் கேட் இரவும் பகலும் திறந்திருக்கும். கணக்குப் பிரிவுக்கோ 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இவை எல்லாம் கடந்து, மாத இறுதி நெருக்கடி தொடங்குமுன் வரும் சனிக்கிழமை இரவே எனக்குப் பிடித்தது. ஆயுத பூஜை விடுமுறையைச் சிலர் கேட்பார்கள். அன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைக்க வருபவர்கள் யாரும் அது அணைந்து கிடப்பதை விரும்பமாட்டார்கள்.

அடுத்து ஆடிட் ஜர்னல், அதாவது பாதுகாப்பு நிகழ்வுகளை எழுதி வைக்கும் பதிவேடு. சேஞ்ச் செக்யூரிட்டி ஆடிட்டிங் கட்டளை கியூஆட்ஜர்ன் என்ற ஜர்னலை உண்டாக்கித் தரும். பதிவு நிலைகளில் அனுமதித் தோல்விகளுக்கான ஆத்ஃபெயில், விதிமீறும் நிரல்களுக்கான பிஜிஎம்ஃபெயில் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். 30-இல் இருக்கும்போதே, 40-இல் எது நிற்கும் என்பதை இது எழுதி வைக்கும். வேலை நிற்காது, பதிவு மட்டும் விழும். இதைவிட மரியாதையான எச்சரிக்கையை எந்த இயங்குதளமும் தருவதில்லை. குறைந்தது ஒரு மாத முடிவும் ஒரு காலாண்டு முடிவும் இந்தப் பதிவில் கடந்துபோகட்டும்.

ஆனால் 20-லிருந்து 30-க்கு ஏறுவதற்கு இந்த ஜர்னல் உதவாது. 20-இல் எல்லோருக்கும் எல்லா அதிகாரமும் இருப்பதால் தோல்வி என்று எதுவுமே பதிவாகாது. அங்கே வழி வேறு: நிலை 20-இல் இருக்கும்போதே ஒருவருடைய கணக்கிலிருந்து ஆல்-ஆப்ஜெக்டை எடுத்துவிடலாம். அவருக்கு மட்டும் அனுமதிச் சோதனை அப்போதே தொடங்கிவிடும். பில்லிங்கில் ஒருவர், கேட்டில் ஒருவர், கணக்கில் ஒருவர் என்று, அதிகம் கோபப்படாத ஆட்களாகப் பார்த்துத் தொடங்குங்கள். அவர்கள் நிற்கும் இடங்களைச் சரிசெய்துகொண்டே வந்தால், கடைசியில் 30-க்கு மாறும் இரவில் மாறுவதற்கு மிச்சம் அதிகம் இராது. 7.3 பதிப்பிலிருந்து ஸ்டார்ட் அத்தாரிட்டி கலெக்‌ஷன் என்ற வசதியும் உண்டு. ஒரு பயனர் எந்தப் பொருளைத் தொட்டார், அதற்கு எவ்வளவு அனுமதி தேவைப்பட்டது, அவரிடம் எவ்வளவு இருந்தது என்று வரிவரியாகச் சேர்த்துத் தரும். 7.4-இல் ஒரு குறிப்பிட்ட கோப்பைச் சுற்றியும் இப்படிச் சேர்க்கலாம்.

அறிகுறி: மதிப்பை மாற்றவே விடவில்லை

சேஞ்ச் சிஸ்டம் வேல்யூ கட்டளை மறுக்கிறது என்றால் முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆல்-ஆப்ஜெக்ட், செக்யூரிட்டி அட்மின் ஆகிய இரண்டு அதிகாரங்களும் வேண்டும். இரண்டும் இருந்தும் மறுத்தால், பாதுகாப்பு சார்ந்த சிஸ்டம் மதிப்புகள் பூட்டப்பட்டிருக்கின்றன. ஸ்டார்ட் சிஸ்டம் சர்வீஸ் டூல்ஸுக்குள் போய் 7-ஆவது தேர்வில் அந்தப் பூட்டைத் திறக்கலாம். மேலே சொன்ன அடித்தளக் கடவுச்சொல் இங்கேதான் கேட்கப்படும். வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் பூட்டிவிடுங்கள்.

அறிகுறி: மாற்றியாயிற்று, ஆனால் எதுவும் மாறவில்லை

அடுத்த ஐபிஎல், அதாவது இயந்திரத்தை அணைத்துத் தொடங்கும் வரை புதிய நிலை அமலுக்கு வராது. டிஸ்ப்ளே செக்யூரிட்டி அட்ரிபியூட்ஸ் திரையில் இப்போதைய நிலையும் காத்திருக்கும் நிலையும் தனித்தனியாகத் தெரியும். காத்திருப்பில் 30 இருந்தால் சரி. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மதிப்பை மாற்றிவிட்டு ஐபிஎல்லைத் தள்ளிப்போட்டால், யுபிஎஸ் கைவிடும் ஏதோ ஒரு புதன்கிழமை மதியம் இயந்திரம் தானாக 30-இல் எழுந்து நிற்கும். மாற்றும் இரவிலேயே ஐபிஎல்லையும் செய்துவிடுங்கள்.

அறிகுறி: காலையில் எல்லோருக்கும் ‘அதிகாரம் இல்லை’

20-லிருந்து 30-க்கு வந்த முதல் வேலை நாளின் தொலைபேசி அழைப்பு இது. 30-இல் இயந்திரம் எழும்போது, செக்யூரிட்டி ஆஃபீசர் வகுப்பைச் சேர்ந்த கணக்குகளைத் தவிர மற்ற எல்லாக் கணக்குகளிலிருந்தும் ஆல்-ஆப்ஜெக்டைத் தானே நீக்கிவிடும். செய்தி எண் சிபிஎஃப்9802 என்றால் ஒரு பொருளுக்கு அனுமதி இல்லை. சிபிஎஃப்9820 என்றால் பொருள்களை அடக்கி வைத்திருக்கும் லைப்ரரிக்கே அனுமதி இல்லை.

கேட் பாஸ் அச்சாகாமல் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டும்போது, முதலாளியின் குரல் உயரும்போது, கை தானாகப் போகும் இடம் ஒன்றுண்டு: எல்லோருக்கும் ஆல்-ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. கொடுத்தால் அழைப்புகள் நின்றுவிடும். நீங்கள் 30 என்ற பெயரில் 20-ஐ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கிடங்கின் எல்லாப் பூட்டுகளையும் புதிதாக மாற்றிவிட்டு, மாஸ்டர் சாவியை ஆளுக்கொன்று நகலெடுத்துக் கொடுப்பது போன்றது அது. ‘தற்காலிகமாக’ என்று கொடுத்தவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம்.

பதிலாக இப்படிப் பாருங்கள். டிஸ்ப்ளே ஜாப் லாக் எடுத்து, எந்தப் பொருள், எந்த லைப்ரரி என்பதைக் குறியுங்கள். ஒரே லைப்ரரியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு ஒன்றே ஒன்றுதான். அந்த லைப்ரரியின் பொது அதிகாரம், அதாவது தனி அனுமதி இல்லாதவர்களுக்குக் கிடைப்பது, எக்ஸ்க்ளூட் (அனுமதி இல்லை) என்று இருக்கும். பெரும்பாலான பழைய நிறுவல்களில் பொருள்களின் பொது அதிகாரம் சேஞ்ச் என்று இருப்பதால், தினசரி வேலை நீங்கள் பயந்த அளவுக்கு உடையாது. சேஞ்ச் அதிகாரத்தில் படிக்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம், பதிவை நீக்கலாம்.

உடைவது வேறு இடத்தில். கோப்பை முழுதாகக் காலிசெய்யும் க்ளியர் பிசிகல் ஃபைல் மெம்பர் கட்டளைக்குச் சேஞ்ச் போதாது. பொருளை நிர்வகிக்கும் அல்லது மாற்றும் அதிகாரம் கூடுதலாக வேண்டும். கோப்பை அழிக்க, அதன் இருப்பு மீதான அதிகாரம் வேண்டும். பழைய நிரலாளர்கள் இடைக்காலக் கோப்புகளைக் காலிசெய்துவிட்டுத்தான் அறிக்கையைத் தொடங்குவார்கள். ஆகவே பில் அடிப்பது ஓடும். நாள் முடிவு அறிக்கை நிற்கும். மாத முடிவு நிச்சயம் நிற்கும். சனிக்கிழமை மாற்றி, திங்கள் நன்றாக ஓடியது என்று யாராவது மாலை போட வந்தால், 31-ஆம் தேதி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இதற்குச் சரியான மருந்து உரிமையாளர் அதிகாரம். கோப்புகள் அனைத்துக்கும் உரிமையாளராக, கடவுச்சொல்லே இல்லாத, யாரும் உள்ளே நுழைய முடியாத ஒரு கணக்கை உருவாக்குங்கள். மாத முடிவு நிரலின் உரிமையும் அதற்கே. அந்த நிரலை, ஓடும்போது உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும்படி மாற்றுங்கள். கணக்குப் பிள்ளைக்குக் கோப்பைக் காலிசெய்யும் உரிமை தனியாகக் கிடையாது. அந்த நிரல் வழியே போகும்போது மட்டும் உண்டு.

கவனிக்க வேண்டியது ஒன்று. அப்படி மாற்றிய நிரலுக்குள்ளிருந்தோ, அது அழைக்கும் மெனுவிலிருந்தோ கட்டளை வரி திறக்க வழி இருந்தால், அந்த வரியும் உரிமையாளரின் அதிகாரத்தோடு திறக்கும். எஃப்21 அழுத்தத் தெரிந்த ஒருவர் போதும். ஆகவே இந்த ஏற்பாட்டை முதன்மை மெனுவுக்குச் செய்யாதீர்கள். தேவைப்படும் சிறு நிரல்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

மீதமுள்ள அனுமதிகளை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குழுக் கணக்காகவும், பல பொருள்களுக்குப் பொதுவான அனுமதிப் பட்டியலான அத்தாரைசேஷன் லிஸ்டாகவும் கொடுங்கள். பில்லிங் ஒரு குழு, கேட் ஒரு குழு, கணக்கு ஒரு குழு. புதிதாக ஒருவர் சேர்ந்தால் குழுவில் போட்டால் முடிந்தது.

அறிகுறி: இரவு பேக்கப் ஓடவில்லை

இதுவும் 30-க்கு மாறியதன் விளைவே, ஆனால் பலர் ஒரு வாரம் கழித்துத்தான் கவனிப்பார்கள். 20-இல் சாதாரணப் பயனருக்குக்கூடச் சேவ்-சிஸ்டம் அதிகாரம் இயல்பாக இருக்கும். 30-இல் அது பறிபோகும். நிரலாளர் வகுப்புக் கணக்குகளுக்கும் அப்படியே, அவற்றோடு ஜாப்-கண்ட்ரோல் அதிகாரமும் போய்விடும். மாலையில் டேப் மாற்றிவிட்டுப் போகும் பையனின் கணக்கில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் அன்றிரவே நின்றிருக்கும். பேக்கப்புக்கென்றே சிஸ்டம் ஆபரேட்டர் வகுப்பில் ஒரு கணக்கு வையுங்கள். அந்த வகுப்புக்கு இரண்டு அதிகாரங்களும் உண்டு. மாற்றிய இரவுக்கு அடுத்த காலை முதலில் பார்க்க வேண்டியது பேக்கப்பின் முடிவுச் செய்தி.

அறிகுறி: எக்செலில் தரவு வரவில்லை

கணக்குப் பிரிவில் யாராவது ஒருவர், வெளி மென்பொருள்கள் தரவுத்தளத்தைத் தொட உதவும் ஓடிபிசி இணைப்பு வழியாக எக்செலுக்கு நேரடியாகத் தரவு இழுத்துக்கொண்டிருப்பார். 30-க்கு மாறியதும் அது நிற்கலாம். நிற்கவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

20-இல் நடந்தது என்ன என்று யோசியுங்கள். மெனுவில் கட்டளை வரியை மூடிவிட்டோம், பயனர்கள் கட்டுக்குள் இருக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு எக்செலிலிருந்து சம்பளக் கோப்பைப் படிக்கலாம், திருத்தலாம். மெனுவுக்கு அங்கே வேலையே இல்லை. இன்னும் மோசமானது, ரூட் எனும் அடிக் கோப்பகம் முழுவதையும் விண்டோஸ் டிரைவாகப் பகிர்ந்து வைத்திருப்பது. ரான்சம்வேர் பிடித்த ஒரு மேசைக் கணினி, ஆல்-ஆப்ஜெக்ட் உள்ள பயனரின் பெயரில் அந்த டிரைவைத் தொட்டால், லைப்ரரிகள் வரை அதன் கைக்கு எட்டும். நிலை உயர்த்துவதன் பெரிய பயன் இந்தப் பின்வாசல்கள் அடைபடுவதில்தான் இருக்கிறது. பகிர்வுகளையும் இதே வாரத்தில் குறைத்துவிடுங்கள்.

உரிமையாளர் அதிகாரம் கொண்ட நிரல் எக்செலுக்கு உதவாது. ஓடிபிசி உங்கள் நிரல் வழியே வருவதில்லை. அந்த ஊழியருக்குத் தேவையான நெடுவரிசைகளை மட்டும் கொண்ட ஒரு வியூ உருவாக்கி, அதற்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். திருத்தவும் வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். நியாயமான பதில் வந்தால், உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும் ஸ்டோர்டு ப்ரொசீஜர், அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே ஓடும் சிறு நிரல், எழுதிக் கொடுக்கலாம்.

ஏஎஃப் எழுத்துகள்: 40-க்கு ஏறும்போது

இனி வருபவை 30-லிருந்து 40-க்கு ஏறும்போது. ஜர்னலில் அத்தாரிட்டி ஃபெயிலியர் பதிவுகள் ஏஎஃப் என்ற வகையில் விழும். காப்பி ஆடிட் ஜர்னல் என்ட்ரீஸ் கட்டளையால் அவற்றை ஒரு கோப்பில் இறக்கி, மீறல் வகை என்ற ஓரெழுத்து நெடுவரிசையால் வரிசைப்படுத்துங்கள். ஏ என்றால் சாதாரண அனுமதித் தோல்வி. அதற்கும் 40-க்கும் தொடர்பில்லை. உங்களுக்கு வேண்டியவை ஜே (J), எஸ் (S), டி (D), பி (B), ஆர் (R), சி (C). ஒரே வேலை ஓர் இரவில் ஆயிரம் வரி எழுதியிருக்கலாம், மலைக்காதீர்கள். நிரல் பெயரால் தொகுத்தால் நாலைந்து பெயர்களில் அடங்கிவிடும்.

அறிகுறி: இரவு வேலை தொடங்காமலே விழுகிறது (எழுத்து ஜே)

ஒரு வேலை எப்படி ஓட வேண்டும் என்று வரையறுக்கும் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் பயனர் பெயர் எழுதப்பட்டிருக்கும். 30 வரை, அந்த டிஸ்கிரிப்ஷனைப் பயன்படுத்த அனுமதி இருந்தாலே போதும்; வேலை அதில் எழுதியிருக்கும் பெரிய மனிதரின் பெயரில் ஓடும். அதாவது அவருடைய கடவுச்சொல் தெரியாமலே அவராக மாறலாம். 40-இல் அந்தப் பயனர் கணக்கின் மீதும் உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் மீது எல்லோருக்கும் அனுமதி கொடுப்பது தவறான மருந்து. மூடிய ஓட்டையை வேறொரு பக்கம் திறப்பதாகும். டிஸ்கிரிப்ஷனில் பயனர் இடத்தில் ரிக்வயர்டு என்று மாற்றுங்கள். தினமும் குறித்த நேரத்தில் ஓடும் வேலையானால் ஜாப் ஷெட்யூல் பதிவில் எந்தக் கணக்கில் ஓட வேண்டும் என்பதைச் சொல்லலாம். ஒருவர் பொத்தானை அழுத்தித் தொடங்கும் வேலையானால், சமர்ப்பிப்பதை மட்டும் செய்யும் சிறு நிரலுக்கு உரிமையாளர் அதிகாரம் கொடுங்கள். ப்ரிண்ட் ஜாப் டிஸ்கிரிப்ஷன் அத்தாரிட்டி என்ற கட்டளை இப்படிப் பெயர் எழுதிய டிஸ்கிரிப்ஷன்களைப் பட்டியலிட்டுவிடும். மாற்றத்துக்கு முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டியது அது.

அறிகுறி: எடைமேடைத் திரை திறக்கவில்லை (எழுத்து எஸ்)

“சார், எடைமேடைத் திரை பெயர் கேட்கிறது. எடை போடும் அண்ணனுக்கு நாங்கள் பெயர் எதுவும் கொடுக்கவில்லையே!” யார்டு மேற்பார்வையாளரின் இந்த அழைப்பில் கோளாறும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. வேலைகள் ஓடும் பகுதியான சப்சிஸ்டத்தில், எந்தத் திரை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லும் வொர்க்ஸ்டேஷன் பதிவில் பயனர் பெயருள்ள ஜாப் டிஸ்கிரிப்ஷனை யாரோ ஒரு காலத்தில் மாட்டி, வெறும் எண்டர் அழுத்தினால் திரை திறக்கும்படி செய்திருப்பார்கள். லாரி ஓட்டுநர் சன்னல் வழியாகக் கையை நீட்டினாலும் திறக்கும். 40 அதை ஏற்பதில்லை.

வொர்க்ஸ்டேஷன் பதிவைப் பயனரின் சொந்த ஜாப் டிஸ்கிரிப்ஷனைப் பார்க்கும்படி மாற்றுங்கள். எடைமேடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு: நுழைந்ததும் எடை நிரல் மட்டும் ஓட வேண்டும், அதை மூடினால் வெளியேறிவிட வேண்டும், கட்டளை வரி கூடாது. ஷிஃப்ட் மாறும்போது ஒருமுறை கடவுச்சொல் அடிக்கச் சொல்வது பெரிய கொடுமை ஒன்றும் இல்லை. எந்த எடையை யார் பதிவுசெய்தார் என்ற தகராறு வரும் நாளில், பெயருள்ள பதிவுக்கு முதலாளியே நன்றி சொல்வார். இத்தகைய பதிவுகளைக் கண்டுபிடிக்க ப்ரிண்ட் சப்சிஸ்டம் டிஸ்கிரிப்ஷன் அத்தாரிட்டி.

அறிகுறி: பழைய நிரல் எம்சிஎச்6801 என்று சாகிறது (எழுத்து டி, ஆர், பி)

உண்மையான தலைவலி இது ஒன்றுதான். இயங்குதளத்தின் பொருள்கள் சிஸ்டம் டொமைன், யூசர் டொமைன் என இரண்டாகப் பிரிந்தவை. பயனர் நிரல் சிஸ்டம் டொமைனுக்குள் ஐபிஎம் அறிவித்த வாசல்கள் வழியாக மட்டுமே போகலாம். 30-இல் இந்த விதி கண்டும் காணாமல் விடப்படும். 40-இல் எம்சிஎச்6801 வந்து நிரல் நிற்கும். டி என்றால் அறிவிக்கப்படாத இடைமுகம், ஆர் என்றால் எழுதக் கூடாத நினைவகத்தில் எழுத முயன்றது, பி என்றால் தடைசெய்த இயந்திர ஆணை.

யார் இப்படி எழுதினார்கள்? பில்லிங் எழுதிய நம் ஊர் நிரலாளர் பெரும்பாலும் இல்லை. கோபோல், ஆர்பிஜி மொழிகளில் எழுதிய நிரல்கள் சாதாரணமாகக் கோப்பைப் படித்து எழுதுவதோடு நின்றுவிடும். பிடிபடுபவை பெரும்பாலும் விலைக்கு வாங்கிய துணைக் கருவிகள்: திரைகளைப் பிரித்துக் காட்டுபவை, அச்சுக்குக் காத்திருக்கும் ஸ்பூல் கோப்புகளை நகர்த்துபவை, மற்றொரு வேலையின் உள் விவரங்களை எட்டிப் பார்ப்பவை. வெண்டரிடம் 40-க்கு ஏற்ற பதிப்பைக் கேளுங்கள். வெண்டர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டால், அந்தக் கருவி செய்யும் வேலை இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். அது ஒரு காலத்தில் அடைத்த குறையை இயங்குதளம் தானே எப்போதோ சரிசெய்திருக்கும்.

சொந்த நிரல் பிடிபட்டால் காரணம் வழக்கமாக ஒன்றுதான்: ஒரு கட்டளையின் பின்னால் ஓடும் சிஸ்டம் நிரலை நேரடியாகப் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, நிரலுக்குள்ளிருந்து கட்டளை ஓட்ட உதவும் கியூசிஎம்டிஎக்ஸ்சி வழியாகக் கட்டளையையே ஓட்டுங்கள், அல்லது அதற்கென அறிவிக்கப்பட்ட வாசலான ஏபிஐயைப் பயன்படுத்துங்கள். மூல நிரல் தொலைந்துவிட்டது என்றால் மறுபடி எழுத வேண்டியதுதான், குறுக்கு வழி இல்லை. எழுதி முடியும் வரை 30-இல் இருங்கள். அவசரத்தில் ஏறி மறுநாள் இறங்குவதைவிட அது மேல்.

சி என்ற எழுத்து விழுந்தால், டேப்பிலிருந்து மீட்ட நிரல் சரிபார்ப்பில் தேறவில்லை என்று பொருள். மூல நிரல் இருந்தால் மறுபடி கம்பைல் செய்துவிடுங்கள்.

அறிகுறி: ஜர்னல் டிஸ்க்கைத் தின்கிறது

ஜர்னலின் பதிவுகள் சேரும் ரிசீவர்களைக் குறித்த அளவில் மாற்றி, பழையதை டேப்பில் எடுத்தபின் அழிக்க ஓர் இரவு வேலை போட்டுவிடுங்கள். எவ்வளவு நாள் வைக்க வேண்டும் என்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஜர்னலில் எழுத முடியாமல் போனால் என்ன செய்வது என்று சொல்லும் கியூஆட்எண்ட்ஆக்ன் மதிப்பு நோட்டிஃபை என்று இருக்கட்டும். பவர் டவுன் என்று இருந்தால், ஜர்னலில் எழுத முடியாத நொடியில் இயந்திரமே அணைந்துவிடும். இராணுவத்துக்கு அது பொருந்தும், கன்டெய்னர் யார்டுக்குப் பொருந்தாது.

அறிகுறி: யாராலும் உள்ளே போக முடியவில்லை

அரிது, ஆனால் நடக்கும். கன்சோலுக்குப் போங்கள். இயந்திரத்தின் முகப்புப் பேனலில் செயல் 02 கொண்டு பி (B), மேனுவல் என்று அமைத்து, 03 கொண்டு ஐபிஎல் தொடங்குங்கள். வழியில் வரும் ஐபிஎல் தேர்வுத் திரையில், சிஸ்டத்தை வரையறுக்க அல்லது மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்றால், சிஸ்டம் மதிப்புகளை அங்கேயே திருத்தலாம். 40-லிருந்து 30-க்கு இறங்குவதில் பெரிய பக்கவிளைவு இல்லை. 7.5-க்கு முந்தைய பதிப்பில் 30-லிருந்து 20-க்கு இறங்கினால், நீங்கள் பாடுபட்டு எடுத்த ஆல்-ஆப்ஜெக்ட் எல்லாக் கணக்குகளுக்கும் திரும்ப வந்துவிடும். அதனால் 20-க்கு இறங்குவதை ஒரு தீர்வாகவே எண்ணாதீர்கள். எந்தக் கணக்குக்கு எது நிற்கிறது என்று பார்த்து அதை மட்டும் திறப்பது, மணிக்கணக்கில் ஆனாலும், குறைந்த சேதம்.

50 பற்றி

40-இல் மார்ச் 31 கணக்கு முடிவு ஒன்று சத்தமில்லாமல் கடந்தபின் யோசியுங்கள். 50-இல் இயங்குதளத்தின் உள் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் எதையும் நிரல்கள் மாற்ற முடியாது. பயனர் நிரலுக்கும் சிஸ்டம் நிரலுக்கும் இடையே செய்தி அனுப்புவதிலும் கட்டுப்பாடு வரும். 40-இல் சுத்தமாக ஓடும் கிடங்கு, பில்லிங் நிரல்களுக்கு இதனால் சிக்கல் வருவது குறைவு. மீண்டும் அதே வரிசைதான்: சேமிப்பு, சனிக்கிழமை இரவு, ஐபிஎல், திங்கள் காலை கேட்டில் ஓர் ஆள்.